வெப்பப் பருவப் புல்தரை: வாரம் எத்தனை முறை வெட்டுவீர்கள்?

வீட்டுப் புல்தரையைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது உரக் கேள்விதான். எந்த மாதம் எதைப் போடுவது, எவ்வளவு போடுவது. கேள்வியில் தப்பில்லை, வரிசைதான் தலைகீழ். உரம், தண்ணீர், மருந்து எல்லாம் பின்னால் வருபவை. புல் வேகமாக வளரும் மாதங்களில் வெட்டும் மெஷினை வாரத்துக்கு எத்தனை முறை வெளியே எடுக்க உங்களால் முடியும் என்பதை முதலில் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ளுங்கள். மற்ற முடிவுகளில் பாதி அந்த ஒரு பதிலிலேயே அடங்கிவிடும்.

எளிய கணக்குதான். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி. அதற்கு மேல் எடுத்தால், சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் புல் மறுபடி இலை விட வேண்டும். அந்த நாட்களில் வேர் வளர்ச்சி தடைப்படும். இந்த விதிப்படி, 2 செ.மீ. உயரத்தில் வைத்திருக்கும் தரை 3 செ.மீ. ஆகும்போது வெட்டியாக வேண்டும். 4 செ.மீ. தரையை 6-ல் வெட்டலாம். 8 செ.மீ. தரை 12 வரை காத்திருக்கும். நாளுக்கு 3 மில்லிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் தரைக்கு மூன்று நாளுக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு வாரம் ஒன்று, மூன்றாவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒன்று.

ஆக, குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று வழிகள். ஒவ்வொன்றும் ஆண்டு முழுக்க வேறு வேறு வேலைகளை இழுத்துக்கொண்டு வருகிறது. எது அழகு என்பது அவரவர் கண். எது உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தரையில் இருப்பது எந்தப் புல்?

புதிதாகப் புல் போடுபவருக்கு மூன்று வழிகளும் திறந்திருக்கின்றன. ஏற்கெனவே தரை இருப்பவருக்கு அப்படியில்லை, இருக்கும் புல் ஒன்றிரண்டு வழிகளை அடைத்துவிடும்.

பெர்முடா என்று விற்கப்படுவது நம் அருகம்புல்தான். மண்ணுக்கு மேலே ஓடுதண்டு, மண்ணுக்குள்ளேயும் தண்டு என்று இரண்டு வழியிலும் பரவும். பூங்கதிர் விரல்களை விரித்தது போல நிற்கும். இதையும் ஆப்பிரிக்க இனம் ஒன்றையும் கலந்து உருவாக்கிய கலப்பு ரகங்கள் சன்ன இலையோடு, நெருக்கமாக வளரும். 1960-ல் அமெரிக்காவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டிஃப்வே 419 அவற்றில் புகழ்பெற்றது. மைதானங்களில் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கும் ரகம். இந்தக் கலப்பு ரகங்கள் முளைக்கும் விதை தராது, தண்டாகவோ புல் பாயாகவோதான் வாங்கி நட வேண்டும்.

ஜோய்சியாவில் அகல இலை ஜப்பான் இனமும் சன்ன இலை மணிலா புல்லும் உண்டு. கொரியன் புல் என்று விற்பது இன்னும் சன்னமான உறவு. செயின்ட் அகஸ்டின் புல்லைக் கண்டுபிடிப்பது சுலபம்: தட்டையான அகன்ற இலை, நுனி கூராக இல்லாமல் படகு முனை மாதிரி மழுங்கியிருக்கும், தடித்த ஓடுதண்டு மண்ணுக்கு மேலேதான் ஓடும். சென்டிபீடும் மேலேதான் ஓடும், ஆனால் இலை அதைவிடச் சின்னது, நிறம் இயல்பிலேயே வெளிர்ப்பச்சை. பாஹியா கோடையில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்த கதிரை நீட்டி, வெட்டிய மூன்றாம் நாளே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று. காற்றின் வெப்பம் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதுதான் இவை முழு வேகத்தில் வளரும். மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் பழுத்து உறங்கிவிடும். செத்துவிடாது, வேரும் தண்டுகளும் உயிரோடுதான் இருக்கும். மண் மறுபடி 18 டிகிரியை ஒட்டி வரும்போது பச்சை திரும்பும். பராமரிப்பு அட்டவணையை இந்த வெப்பநிலைகளை வைத்துத்தான் போட வேண்டும். நாள்காட்டி அதற்கு அடுத்துதான். சமையலுக்கு வாங்கும் கம்பி வெப்பமானி ஒன்றை 10 செ.மீ. ஆழத்தில் செருகி, சில நாள் காலையில் பார்த்தாலே போதும்.

குட்டை வழி

1.5 முதல் 2.5 செ.மீ. உயரம். கலப்புப் பெர்முடா, மணிலா புல் இரண்டுக்கும் இது பொருந்தும். வெறுங்காலில் நடக்க இதைவிடச் சுகமான தரை கிடையாது. விலை என்ன என்பதையும் பார்த்துவிடலாம்.

முதல் விலை மெஷின். சுழல் கத்தி மெஷின் புல்லை அடித்து முறிக்கிறது. 2.5 செ.மீ.க்குக் கீழே இறக்கினால், தரையில் சின்ன மேடு இருந்தாலும் மொட்டையடித்துவிடும். இந்த உயரத்துக்கு உருளைக் கத்தி மெஷின் வேண்டும். அது கத்தரிக்கோல் போல இரண்டு விளிம்புகளுக்கு நடுவே இலையை நறுக்குகிறது. மெஷின் மட்டும் போதாது, தரையும் சமமாக இருக்க வேண்டும். அதனால் புல் முழு வேகத்தில் வளரும் நேரத்தில் மணலை அரை செ.மீ. கனத்துக்கு மிகாமல் பரப்பி, இலை வெளியே தெரியும்படி தள்ளிவிடும் வேலை இந்த வழியில் மட்டும் கட்டாயமாக வந்து சேர்கிறது. கனமாகக் கொட்டினால் புல் மூச்சுத் திணறும்.

இரண்டாவது, வேர். இலை குட்டையாக இருந்தால் வேரும் குட்டையாகத்தான் இருக்கும். வெயில் ஏறிய வாரத்தில் ஒரு தண்ணீர் தவறினால், முதலில் சாம்பல் பூக்கும் தரை இதுதான்.

மூன்றாவது, பசி. அடிக்கடி வெட்டப்படும் அருகம்புல், ஆண்டுக்கு 100 சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2.5 கிலோ தழைச்சத்து கேட்கும். தழைச்சத்து என்று சொல்வது உர மூட்டையின் எடையை அல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், ஆக அரை கிலோ தழைச்சத்துக்கு 1.1 கிலோ யூரியா. ஒரே தடவையில் கரையும் உரமாக 100 சதுர மீட்டருக்கு அரை கிலோ தழைச்சத்துக்கு மேல் கொடுக்கவே வேண்டாம். கொடுத்ததும் தண்ணீர் பாய்ச்சவில்லை என்றால் பாதி காற்றோடு போகும், மீதி இலையைக் கருக்கும். மணிலா புல் இவ்வளவு கேட்காது, 1 முதல் 1.5 கிலோவே அதற்கு ஏராளம்.

ஜோய்சியா மேலே போட்ட கணக்கைக் கொஞ்சம் ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். அது மெதுவாக வளரும் புல். அதே உயரத்தில் அருகம்புல் இரண்டு வெட்டு வாங்கும் நேரத்தில் மணிலா ஒன்றோடு நிற்கும். குட்டை தரை வேண்டும், ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை முடியாது என்பவர்களுக்கு நான் மணிலாவைத்தான் சொல்வேன். பதிலுக்கு வேறொன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்: எங்காவது வழுக்கை விழுந்தால், அருகம்புல் சில வாரத்தில் மூடுவதை இது ஒரு பருவம் முழுக்க இழுக்கும். கொரியன் புல்லை வெட்டாமலே விடலாம் என்று சொல்லி விற்பார்கள். விடலாம்தான், மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாக உப்பிக்கொண்டு நிற்கும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது.

தானாக ஓடும் ரோபோ மெஷின் இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. தினமும் துளித்துளியாக வெட்டுவதால் மூன்றில் ஒரு பங்கு விதி தானாகவே காப்பாற்றப்படும். குட்டை வழிக்கு மனமிருந்து நேரமில்லாதவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம். ஒன்றே ஒன்று, பல மாடல்களில் உயரம் 6 செ.மீ. அளவோடு முடிந்துவிடும். நெட்டைப் புல் வைத்திருப்பவர் வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுத்தர வழி

3.5 முதல் 5 செ.மீ. சாதாரண அருகம்புல், அகல இலை ஜோய்சியா, சென்டிபீட். வாரம் ஒரு வெட்டு, சாதாரண சுழல் கத்தி மெஷின், ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை கிலோ தழைச்சத்து. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லாததே அதன் பெருமை.

சென்டிபீட் மட்டும் தனிக் கதை. மற்றப் புற்களைக் கெடுப்பது புறக்கணிப்பு, இதைக் கெடுப்பது கவனிப்பு. அமிலத் தன்மையுள்ள மண்ணில், கார அமில நிலை 5-க்கும் 6-க்கும் நடுவே, ஆண்டுக்கு 100 சதுர மீட்டருக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ தழைச்சத்தில் அது நிம்மதியாக இருக்கும். அதன் இயல்பான வெளிர்நிறத்தைப் பார்த்து ‘பசிக்கிறது போல’ என்று யூரியாவை அள்ளிப் போட்டால், முதல் ஆண்டு கரும்பச்சையாகிச் சந்தோஷப்படுத்தும். தண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் வளரும். அடுத்த குளிரில் அந்தத் தண்டுகள் பட்டுப்போய், வசந்தத்தில் திட்டுத் திட்டாக எழும்பாமல் கிடக்கும். நிறம் வேண்டுமென்றால் இரும்புச்சத்து கொடுங்கள்: 60 கிராம் ஃபெரஸ் சல்பேட்டை 12 முதல் 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து 100 சதுர மீட்டருக்குத் தெளித்தால், வளர்ச்சியைத் தூண்டாமல் பச்சை மட்டும் கூடும். சிமென்ட் நடைபாதையில் பட்டால் துருக்கறை பிடிக்கும். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

நெட்டை வழி

7 முதல் 10 செ.மீ. செயின்ட் அகஸ்டினும் பாஹியாவும் இங்கே. அருகம்புல்லை இந்த உயரத்துக்கு விடுவது வீண். அடியில் குச்சியும் மேலே குடுமியுமாக ஆகி, ஒவ்வொரு வெட்டிலும் பழுப்புத்தான் தெரியும்.

வேலை குறைவு என்று இந்த வழிக்கு வருபவர்கள், செயின்ட் அகஸ்டினையும் பாஹியாவையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். வெட்டும் இடைவெளியில் மட்டும்தான் இரண்டும் ஒன்று. பாஹியா ஆழ வேர் விடும், தண்ணீர் இல்லாவிட்டால் பழுத்துக் காத்திருக்கும், மழை வந்ததும் எழுந்துவிடும். ஆண்டுக்கு அரை கிலோ, ஒரு கிலோ தழைச்சத்தே போதும். ஆனால் தரை அடர்த்தியாக வராது, கதிர்த் தண்டு கம்பி மாதிரி விறைத்து நிற்பதால் மெஷின் கத்தியை அடிக்கடி தீட்ட வேண்டும். செயின்ட் அகஸ்டின் பார்க்க அடர்ந்து செழித்திருக்கும், நிழலையும் மற்றவற்றைவிடத் தாங்கும். அருகம்புல்லுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும், இது நான்கு மணி நேரத்தில் சமாளிக்கும். வறட்சியில்தான் இதன் குட்டு வெளிப்படும். மண்ணுக்குள் தண்டு இல்லாததால், மேலே ஓடும் தண்டு காய்ந்தால் அந்த இடம் அவ்வளவுதான். தண்ணீர்க் கட்டுப்பாடு வரக்கூடிய இடங்களில், வாரம் ஒரு வெட்டு வாங்கும் அருகம்புல்லே எனக்கு இதைவிடச் சிக்கனமாகப் படுகிறது.

இன்னொன்று சின்ச் பூச்சி. செயின்ட் அகஸ்டினை அழிப்பதில் அதற்கு நிகர் இல்லை. வெயில் நன்றாக அடிக்கும் இடத்தில், பெரும்பாலும் நடைபாதை ஓரத்தில், மஞ்சள் திட்டு தோன்றிப் பழுப்பாகி விரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பாய்ச்சிக்கொண்டிருப்போம். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. இரண்டு முனையும் திறந்த தகர டப்பா ஒன்றை, மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் விளிம்பில் ஐந்து செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி, தண்ணீர் நிரப்பி, இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே ஐந்து பத்து நிமிடம் பாருங்கள். பூச்சி இருந்தால் மிதந்து மேலே வரும். பெரியவை கறுப்பு உடலில் வெள்ளைச் சிறகோடும், குஞ்சுகள் சிவப்பு உடலில் குறுக்கே வெள்ளைப் பட்டையோடும் இருக்கும். பழுத்துப்போன இடத்தின் நடுவில் தேடினால் கிடைக்காது, அங்கே உறிஞ்ச ஒன்றும் மிச்சமில்லாமல் அவை நகர்ந்திருக்கும்.

ஆண்டு சுழலும்போது

குளிர் உள்ள இடங்களில் ஆண்டின் வேலை, புல் எழும்புமுன்பே தொடங்குகிறது. அருகம்புல் வைத்திருப்பவர்கள், குட்டையோ நடுத்தரமோ, பச்சை எட்டிப் பார்க்கும் சமயத்தில் மெஷினை வழக்கத்தைவிட ஒரு படி இறக்கி, பழுத்த இலையை வழித்தெடுத்து அள்ளிவிடலாம். மண்ணில் வெயில் பட்டுச் சீக்கிரம் சூடாகும், புல்லும் சீக்கிரம் எழும். ஜோய்சியாவுக்கு இதையே மெதுவாகச் செய்யலாம். செயின்ட் அகஸ்டினிடம் செய்யவே கூடாது. அதன் முளைகள் எல்லாம் மேலே ஓடும் தண்டில் இருக்கின்றன, அவற்றை வழித்தால் எழும்ப எதுவும் இருக்காது.

கோடைக் களைகள் முளைக்கும் முன்பே தடுக்கும் மருந்தை, மண் வெப்பம் 13 டிகிரியை ஒட்டி வரும்போது தெளிக்க வேண்டும். முளைத்த களையை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அந்தப் பருவத்தில் புல் விதைக்கவோ தண்டு நடவோ போகிறீர்கள் என்றால் இதைத் தொடாதீர்கள், புல்லின் விதையையும் புது வேரையும் சேர்த்தே தடுக்கும். உரமும் களைக்கொல்லியும் கலந்து ஒரே பையில் விற்பது இங்கேதான் மாட்டிவிடுகிறது. களை மருந்துக்குச் சரியான நாளில் புல் இன்னும் தூக்கத்தில் இருக்கும், உரம் போட்டால் குளிர்காலக் களைதான் அதைத் தின்று கொழுக்கும். புல் முழுக்கப் பச்சையாகி, இரண்டு மூன்று வெட்டு வாங்கிய பிறகுதான் முதல் உரம். இரண்டையும் தனித்தனியாக வாங்குவதே சரி.

கோரையை இந்த மருந்துகளில் பெரும்பாலானவை கண்டுகொள்ளாது. கையால் இழுத்தால் மேலே உள்ளது மட்டும் வரும், கீழே கிழங்கு நின்றுவிடும். கோரைக்கென்றே உள்ள மருந்துதான் வழி. எந்தக் களைக்கொல்லியானாலும், பையின் மீது உங்கள் புல்லின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அட்ரசின் என்ற மருந்தை செயின்ட் அகஸ்டினும் சென்டிபீடும் தாங்கும், வளர்ந்துகொண்டிருக்கும் அருகம்புல் கருகும். பல நாடுகளில் அதற்குத் தடையும் உண்டு.

கோடை நெருங்கி, புல் முழு வேகம் பிடித்த பிறகுதான் மண்ணைக் குத்துவதும் தாட்சை வாருவதும். இலைக்கும் மண்ணுக்கும் நடுவே சேரும் காய்ந்த தண்டு, வேர் அடுக்கைத்தான் தாட்ச் என்கிறார்கள். கத்தியால் ஒரு துண்டு வெட்டித் தூக்கிப் பாருங்கள். பழுப்பு அடுக்கு 1.2 செ.மீ.க்கு மேல் இருந்தால் தண்ணீரும் உரமும் மண்ணுக்குப் போகாமல் அதிலேயே நிற்கிறது என்று அர்த்தம். நிறைய உரம் தின்னும் குட்டைத் தரையில்தான் இது சீக்கிரம் சேரும், ஆனால் அருகம்புல்லை எவ்வளவு வாரினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து எழும்பிவிடும். செயின்ட் அகஸ்டினையும் சென்டிபீடையும் வாரும்போது கத்திகளுக்கு நடுவே 7 செ.மீ. இடைவெளியாவது விட வேண்டும். வெட்டிய துணுக்கை அள்ளாமல் விட்டால் தாட்ச் சேரும் என்பது தவறான எண்ணம். துணுக்கு சில வாரத்தில் மக்கி, ஆண்டுக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு வரை திருப்பித் தரும். மூன்றில் ஒரு பங்கு விதியைக் காப்பாற்றினால் துணுக்கு சின்னதாக உள்ளே விழுந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது.

தண்ணீர் மூன்று வழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: மழையையும் சேர்த்து வாரத்துக்கு 25 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டருக்கு அது 2,500 லிட்டர், சின்ன அளவில்லை. தெளிப்பானுக்குக் கீழே ஒரே அளவுள்ள தட்டை டப்பாக்களை அங்கங்கே வைத்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று ஒரு முறை அளந்துவிட்டால் பிறகு ஊகம் வேண்டாம். மூலைக்கு மூலை அளவு எவ்வளவு மாறுகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். தினமும் கொஞ்சம் தெளிப்பது வேரை மேலேயே இருத்திப் பழக்கும். ஆழமாக, இடைவெளி விட்டு, விடியற்காலையில் பாய்ச்சுவது நல்லது. மணல் மண் என்றால் மட்டும் அளவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடந்துபோன கால்தடம் எழும்பாமல் அப்படியே இருந்தால், இலை மடிந்து நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டினால், அன்றே பாய்ச்சலாம். அதற்கு முன் அவசரமில்லை.

முதல் உறைபனி விழும் என்று நினைக்கும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். பிந்திக் கொடுத்த உரத்தில் விட்ட இளந்தளிர் குளிரில் முதலில் கருகும். மண் வெப்பம் 10-க்கும் 21-க்கும் நடுவே இருக்கும் ஈரமான வாரங்களில் வட்ட வட்டமாகப் பழுப்பு விரியும் பூஞ்சை நோய்க்கும் அது விருந்து. வெட்டும் உயரத்தைக் கடைசி வெட்டுகளில் ஒரு படி ஏற்றுங்கள். குளிர்காலக் களைக்கான முன்தடுப்பு மருந்து தெளிப்பவர்கள், மண் 21 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது தெளிக்க வேண்டும்.

உறைபனியே இல்லாத இடங்களில் இந்த வரிசை பொருந்தாது. அங்கே புல் உறங்காது, மழைக்காலம், வறண்ட காலம் என்று ஆண்டு இரண்டாகப் பிரியும். மழைக்காலத்தில் உரத்தை அரை அளவாகப் பிரித்து அடிக்கடி கொடுப்பது நல்லது, மொத்தமாகப் போட்டால் கரைந்து ஓடிவிடும். செயின்ட் அகஸ்டினுக்கு அந்த மாதங்களில் தழைச்சத்தைக் கையடக்கமாகவே கொடுங்கள். வெப்பமும் ஈரமும் உரமும் சேர்ந்தால் இலையில் சாம்பல் புள்ளி நோய் தொற்றிக்கொள்ளும். குட்டை வழிக்கு இந்த இடங்கள் கடினம், ஆண்டில் எந்த மாதமும் மெஷினுக்கு ஓய்வில்லை.

குளிரில் பழுப்பா, பச்சையா?

உறக்கம் வரும் இடங்களில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு இது. அப்படியே பழுக்க விடலாம், மேலே குளிர்ப் பருவ ரைகிராஸ் விதைக்கலாம், அல்லது பச்சைச் சாயம் தெளிக்கலாம்.

மேல்விதைப்பு படத்தில் பார்க்க அருமையாக இருக்கும். 100 சதுர மீட்டருக்கு 2.5 முதல் 5 கிலோ விதை. மண் 21 முதல் 24 டிகிரியில் இருக்கும்போது புல்லை ஒட்ட வெட்டி, விதைத்து, முளைக்கும் வரை தினமும் ஈரம் காக்க வேண்டும். பிறகு குளிர்காலம் முழுக்க வெட்டு, தண்ணீர், உரம் மூன்றும் தொடரும். ஓய்வு மாதங்கள் என்று ஒன்று மிஞ்சாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வில்லங்கம் வசந்தத்தில்தான். அருகம்புல் எழும்ப வேண்டிய நேரத்தில் ரைகிராஸ் செழித்து நின்று வெளிச்சத்தையும் தண்ணீரையும் பிடுங்கிக்கொள்ளும். பிறகு வெயில் ஏறி அது திடீரென்று செத்ததும், அடியில் பாதி வெறுமையாக, மெலிந்துபோன அருகம்புல் தெரியும். கோடையில் பாதி அதைத் தேற்றுவதிலேயே போகும். கலப்புப் பெர்முடாவுக்கு இந்த அடியைத் தாங்கும் திறன் இருக்கிறது. ஜோய்சியா, செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் மூன்றின் மேலும் விதைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சாயம் புல்லுக்கு ஒன்றும் செய்யாது, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. காய்ந்த இலையில், காற்றில்லாத நாளில் தெளித்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். வாசலை ஒட்டிய பகுதிக்கு மட்டும் பச்சை வேண்டும் என்பவர்களுக்கு விதையைவிட இது எவ்வளவோ மேல். சுவரையும் நடைபாதையையும் மூடிவிட்டுத் தெளிக்க வேண்டும் என்பது மட்டும்தான் தொந்தரவு.

என் ஓட்டு பழுப்புக்குத்தான். உறங்கும் புல் மேல் நடமாட்டத்தைக் குறைத்து, மழையே இல்லாத குளிர் என்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் காட்டினால் போதும். மெஷின் கத்தியைக் கழற்றித் தீட்டவும் மண் பரிசோதனை செய்யவும் இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இரண்டு வழிகளை ஒரே முற்றத்தில்

ஒரு பக்கம் மரத்தடி, மறுபக்கம் திறந்த வெயில் என்று இருக்கும் வீடுகளில் ஒரே புல்லைப் பிடிவாதமாக இரண்டு இடத்திலும் வளர்க்கத் தேவையில்லை. நிழலுக்கு செயின்ட் அகஸ்டின் நெட்டையாக, வெயிலுக்கு அருகம்புல் நடுத்தரமாக என்று பிரித்துக்கொள்ளலாம். மெஷினின் உயரத்தை நடுவில் மாற்ற மறந்துவிடாமல் இருந்தால் சரி. உரத்தையும் தண்ணீரையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும், நிழலில் இரண்டுமே குறைவாகத்தான் செலவாகும்.

ஆனால் எல்லையைக் கயிறு கட்டிப் பிரித்தால் அருகம்புல் மதிக்காது. மேலேயும் கீழேயும் நுழைந்து செயின்ட் அகஸ்டினுக்குள் புகுந்துவிடும். புகுந்த பிறகு, செயின்ட் அகஸ்டினைக் கொல்லாமல் அதை மட்டும் எடுக்கும் மருந்து வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பது அரிது. ஆகவே நடும்போதே இரண்டுக்கும் நடுவே உலோகத் தகடோ கல் வரிசையோ 15 செ.மீ. ஆழத்துக்கு இறக்கிவிடுங்கள். மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் மண் கோடு ஒன்றை விட்டு, அதைத் தாண்டும் ஓடுதண்டைக் கோடை மாதங்களில் ஒவ்வொரு வெட்டின்போதும் நறுக்கிவிட வேண்டும்.